பிடரி முடியைப் பிடுங்கினால் குதிரைக்கு வலிக்காதா?

குதிரையின் பிடரி முடியின் வேரில் நரம்பே கிடையாது, அதனால் கொத்தாகப் பிடுங்கி அடர்த்தியைக் குறைத்தாலும் அதற்கு வலிக்காது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். குதிரை லாயங்களில் பலகாலமாகச் சொல்லப்படுவதுதான், ஆனால் சரியில்லை. மற்றப் பாலூட்டிகளைப் போலவே குதிரைக்கும் முடி வேரைச் சுற்றி நரம்பு முனைகள் உண்டு. பிடரிக்கு விலக்கு இல்லை. கால்நடை உடற்கூறியல் பாடநூல் எதிலும் தோல் பற்றிய பகுதியில் இதைப் பார்க்கலாம்.

நூல் கையில் இல்லையென்றால் குதிரையையே கவனியுங்கள். சீப்பால் வாரும்போது எப்படி நிற்கிறது, முடியைச் சீப்பில் சுற்றி இழுக்கும்போது என்ன செய்கிறது? தலையைத் தூக்குவது, காதைப் பின்னால் மடக்குவது, வாயை இறுக்குவது, வாலைச் சுழற்றுவது எல்லாம் வலியைக் காட்டும். சில குதிரைகள் அசையாமல் நிற்கும், உண்மைதான். அதை வைத்து வலியில்லை என்று சொல்லிவிட முடியாது. இரையாகும் விலங்குகள் வலியை வெளிக்காட்டாமல் இருப்பது சகஜம். சவாரி முடிந்து உடம்பு சூடாக இருக்கும்போது பிடுங்கு, எளிதாக வரும் என்பது பழைய அறிவுரை. வலியே இல்லாத வேலைக்கு இவ்வளவு நேரம் பார்ப்பானேன்?

பிடுங்காமலே பிடரியைச் சீராக்கலாம். அடர்த்தியான இடத்தில், அடிப்பக்க முடியில் மட்டும் பல்வைத்த கத்தரியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். நுனிக்கு சாதாரணக் கத்தரியை நேராகப் பிடித்து, மேல்நோக்கிச் சின்னச் சின்னதாக வெட்டுங்கள். குறுக்கே ஒரே வெட்டாக வெட்டினால்தான் அசிங்கமாகத் தெரியும்.