நோயாளிக்குச் சொந்தத் தொழில்தான் சரி என்கிறவர்களுக்கு

"உடம்புக்கு முடியாதவங்களுக்குச் சொந்தத் தொழில்தான் நல்லது. நேரம் நம்ம கையில இருக்கும்ல?"

மதுரையில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். கடை போட்ட சில வருடங்களில் எனக்கு முடக்குவாதம் வந்தது. ருமட்டாய்டு என்று டாக்டர்கள் சொல்வது, பெரியவர்கள் சரவாங்கி என்பது. அன்றிலிருந்து மேலே உள்ள பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் எல்லாருமே என் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள்.

போன வாரம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். அவளுக்கும் இதே நோய். ஜவுளிக்கடையில் விற்பனையில் இருந்தவள், நாள் முழுக்க நிற்கும் வேலை. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021இல்தான். முழங்கால் வீங்கிப் போய் வேலையை விட்டுவிட்டாள். நகையை அடகு வைத்து, குழுவில் கடன் எடுத்து ஒரு தையல் கடை போட்டுக்கொள் என்று வீட்டில் சொல்கிறார்களாம். "நீங்க என்னக்கா சொல்றீங்க?" என்று கேட்டாள். அவளிடம் அரைமணி நேரம் பேசினேன். பேசியது பலருக்கும் பொருந்தும் என்று தோன்றுவதால் இங்கே எழுதுகிறேன்.

சரி, முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த நோயில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. காலையில் விரல்கள் மடங்காது. வெந்நீரில் வைத்து, மெல்ல மெல்ல மடக்கி, கத்தரிக்கோல் பிடிக்கும் பதத்துக்கு வருவதற்குள் பொழுது நன்றாக ஏறிவிடும். கார்மெண்ட்ஸ் கம்பெனியில் எட்டரைக்கு மெஷினில் உட்கார் என்றால் என்னால் முடியாது. என் கடையில் காலை நேரம் அளவெடுக்க, நோட்டு எழுத, போன் பேச. கட்டிங் எல்லாம் மூன்று மணிக்கு மேல்தான். வாரத்துக்கு ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை டாக்டரிடம் கேட்டுச் சனிக்கிழமை இரவுக்கு வைத்துக்கொண்டேன். மறுநாள் வரும் குமட்டலும் அசதியும் ஞாயிறு விடுமுறையோடு போய்விடும். (இந்த மாத்திரை எடுப்பவர்கள் யாராவது படித்தால்: இது வாரத்துக்கு ஒருமுறை மட்டும்தான். தெரியாமல் தினமும் போட்டு உயிருக்கே ஆபத்தான கதைகள் உண்டு. வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவருக்கும் சொல்லி வையுங்கள்.)

ஆக, ஒரு நாளுக்குள் வேலையை முன்னே பின்னே நகர்த்திக்கொள்ள முடிகிறது. இதை எந்த முதலாளியும் எனக்குத் தந்திருக்க மாட்டார். அந்த அளவுக்கு ஊர் சொல்வது உண்மை.

ஆனால் இந்த நோய் அடங்கியிருக்கும், திடீரென்று கிளம்பும். கிளம்பினால் ஒரு நாள் இரண்டு நாளில் தீராது. மணிக்கட்டு வீங்கி, தண்ணீர்ச் செம்பைத் தூக்கக்கூட இன்னொருவர் வேண்டியிருக்கும். அது ஆடியில் வருமா, ஆவணி முகூர்த்தத்தின் நடுவில் வருமா என்று யாராலும் சொல்ல முடியாது. பிளவுஸ் தைக்கிறவளுக்குத் தேதிதான் எல்லாம். கல்யாணம் எனக்காகத் தள்ளிப் போகாது.

தெரிந்த அண்ணன் ஒருவர் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். சிறுநீரகம் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸில் படுத்திருக்கிறார். கடுமை என்று பார்த்தால் என் நோய் அவருடையதற்குப் பக்கத்தில்கூட நிற்காது. ஆனால் அவரால் கடை வாசலில் எழுதிப் போட முடிகிறது, இன்னின்ன கிழமை மாலை நான்கு மணிக்கு மேல்தான் கடை என்று. வருகிறவர்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். டயாலிசிஸுக்கு ஊசி போடும் கையில் அடைப்பு ஏற்பட்டு அவரை அட்மிட் செய்தபோதுதான் அவர் தொழில் ஆட்டம் கண்டது. நோய் எவ்வளவு பெரியது என்பதைவிட, எப்போது வரும் என்று தெரியாததுதான் கடையைச் சாய்க்கிறது. இதை நான் அவரிடமிருந்துதான் புரிந்துகொண்டேன்.

கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தையல் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இருந்தால், உடம்பு முடியாமல் போகும்போது மருத்துவச் சான்று கொடுத்து வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வாங்கலாம். நீண்டகால நோய்கள் சிலவற்றுக்கு அதற்கு மேலும் நீட்டிப்பு உண்டு. அவள் சம்பளத்தில் இதற்குப் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி போடுவது 3.25. அதே பெண் அதே மெஷினைத் தன் வீட்டு முன்னறையில் போட்டு உட்கார்ந்த நாளிலிருந்து இந்தக் கதவு அடைத்துவிடுகிறது. எங்களுக்குத் தையல் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது, கட்டாயம் பதிவு செய்யுங்கள். பிள்ளைகள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, விபத்துக்கு உதவி உண்டு, 60 வயதில் ஓய்வூதியம் உண்டு. காய்ச்சலிலோ வீக்கத்திலோ கடை பூட்டிக் கிடக்கும் வாரத்துக்கு ஒன்றும் கிடையாது. சொந்தத் தொழில் செய் என்று ஒரு நோயாளியிடம் சொல்கிறவர்கள் இந்த வித்தியாசத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாரும் சொல்வதில்லை.

அடுத்தது கடன். எனக்கு ரொம்ப நாளாக மனதில் அடங்காமல் இருப்பது இதுதான். என் மோட்டார் மெஷினும் ஓவர்லாக்கும் கடனில் வந்தவை. வங்கித் தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் அது வாராக்கடன். அதற்கு வெகு முன்பே, கடனை ஒழுங்காகக் கட்டுகிறவளா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் இறங்கத் தொடங்கிவிடும். இப்போது நோயின் கணக்கைப் பாருங்கள். ஒரு மருந்து பலிக்காமல் டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றினால், அது நன்றாக வேலை செய்வதற்கே ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பன்னிரண்டு வாரம் என்றால் 84 நாள். நான் எழுந்து உட்கார்ந்து மெஷினுக்கு எண்ணெய் போடும் நேரத்தில் வங்கிக்கு நான் கடன் கட்டாதவள் ஆகும் விளிம்பில் நிற்பேன். குழுக்கடனில் இன்னும் மோசம். வாராவாரம் தவணை, நான் கட்டாவிட்டால் கூட இருக்கும் பெண்கள் என் பங்கையும் போட வேண்டும். அவர்களும் இல்லாதவர்கள்தான். நோயைவிட அவர்கள் முகத்தில் விழிப்பதுதான் அப்போது வேதனை.

இதற்கு வழியே இல்லை என்று சொல்லாதீர்கள். 2020இல் கொரோனா வந்து நாடே நின்றபோது, மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தவணையை நிறுத்தி வைக்க ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தது. வட்டி ஓடியது, ஆனால் அந்தக் காரணத்துக்காக யாருடைய கணக்கும் வாராக்கடன் ஆகவில்லை. எல்லாரும் சேர்ந்து நின்றபோது செய்ய முடிந்ததை, ஒரே ஒருத்தியின் உடம்பு நிற்கும்போது ஏன் செய்யக் கூடாது? சிறு கடன்களுக்கு மட்டும், அரசு மருத்துவரின் சான்றோடு, வருடத்தில் ஒருமுறை மூன்று மாதம். வட்டி ஓடட்டும், தள்ளுபடி வேண்டாம். கடனைக் கட்ட மாட்டேன் என்று நாங்கள் சொல்லவில்லை.

மாற்றுத்திறனாளி அட்டை வாங்கிக்கொண்டால் சலுகை கிடைக்குமே என்பார்கள். 2016 சட்டம் ஏழாக இருந்த குறைபாடுகளின் பட்டியலை 21 ஆக விரித்தது. ஹீமோபிலியா, தலசீமியா, பார்க்கின்சன் எல்லாம் உள்ளே வந்தன. நல்ல சட்டம், அதற்காகப் போராடியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் முடக்குவாதமும் சிறுநீரகச் செயலிழப்பும் அந்தப் பட்டியலில் நேரடியாக இல்லை. மூட்டு முடங்கி கைகால் அசைவு குறைந்திருந்தால் அந்தக் கணக்கில் சேர்த்து மதிப்பிடுவார்கள், 40 சதவீதம் வந்தால்தான் பெரும்பாலான உதவிகளுக்குத் தகுதி. மோட்டார் பொருத்திய இலவசத் தையல் இயந்திரமும் சரி, மாற்றுத்திறனாளிகளுக்கென 1997இல் தொடங்கிய தேசிய நிதிக் கழகத்தின் குறைந்த வட்டிக் கடனும் சரி, அந்த 40ஐத் தொட்டால்தான். அந்த அட்டைக்காக நான் மதிப்பீட்டு முகாமுக்குப் போனது ஸ்டீராய்டில் வீக்கம் வடிந்திருந்த நாள். விரலை மடக்கச் சொன்னார்கள், மடங்கியது. "கை நல்லாத்தானே இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். அன்று பார்த்ததை அவர்கள் சரியாகத்தான் பார்த்தார்கள். அடுத்த மாதம் அதே கையால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்பதை எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. ஏறி இறங்கும் நோய்க்கு ஒரே ஒரு நாளின் அளவு போதாது. ஆறு மாத மருத்துவக் குறிப்புகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மதுரைக்காரி என்பதால் கட்டாயம் ஒருவரைச் சொல்லியாக வேண்டும், எனக்கு எல்லாரும் அவரைத்தான் சொல்வார்கள். அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி. முப்பது வயதில் இதே நோய் அவர் விரல்களைக் கோணலாக்கியது. 1948இல் ராணுவ மருத்துவப் பணியை விட வேண்டி வந்தது. பிரசவ மருத்துவம் படிக்க நினைத்தவர் கண் மருத்துவத்துக்கு மாறினார், லட்சத்துக்கும் மேல் அறுவை சிகிச்சை செய்தார், ஓய்வு பெற்ற பிறகு 1976இல் 11 படுக்கையோடு அரவிந்தைத் தொடங்கினார். அவர் மேல் எனக்கு இருக்கும் மரியாதையைச் சொல்லி மாளாது. ஆனால் அவர் கதையைச் சொல்கிறவர்கள் மன உறுதியோடு நிறுத்திவிடுகிறார்கள். அவருடைய விரல்களுக்கு ஏற்ற மாதிரி தனியாகக் கருவிகள் செய்யப்பட்டன. மாதச் சம்பளத்துக்கு அரசுப் பணி இருந்தது. அரவிந்தைத் தொடங்கியபோது உடன்பிறந்தவர்கள் தோள் கொடுத்தார்கள். அந்த மருத்துவமனையின் முறையே வேலையைப் பிரிப்பதுதான். மற்றவர்கள் செய்யக்கூடியதைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் செய்வார்கள், டாக்டர் அறுவை சிகிச்சையை மட்டும் பார்ப்பார். என்னைப் போன்றவர்கள் அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

என் கடையில் நான் செய்தது அவ்வளவுதான். கொக்கி வைப்பதும் கை எம்மிங்கும் விரல் நுனியில் உயிரை எடுக்கும் வேலை. இரண்டையும் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன், பிளவுஸுக்கு இவ்வளவு என்று. லாபம் குறைந்தது, கை மிஞ்சியது. கனமான இரும்புக் கத்தரிக்கோலுக்குப் பதில் ஸ்பிரிங் வைத்த இலகுவானது. வழக்கமாக வருகிறவர்களின் அளவை அட்டையில் வெட்டிப் பெயர் எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன், நான் படுத்தாலும் வேறொருவர் வெட்டலாம். இன்னொரு தையல்கார அக்காவோடு ஒரு பேச்சு வைத்திருக்கிறேன். எனக்கு முடியாதபோது என் முகூர்த்த ஆர்டர்களை அவர் முடிப்பார், அவருக்கு முடியாதபோது நான். பணம் தைத்தவருக்கு. வாடிக்கையாளர் நிரந்தரமாக அவரிடம் போய்விடுவார்களோ என்ற பயம் இருந்தது. ஓரிருவர் போனார்கள், பரவாயில்லை.

வருகிறவர்களிடம் நோயை மறைப்பதில்லை. மறைக்கச் சொல்லித்தான் பலரும் அறிவுரை சொன்னார்கள். "எனக்கு மூட்டுப் பிரச்சினை இருக்கு, கல்யாணத் துணியை ஒரு மாசம் முன்னாடியே கொடுத்துடுங்க, முடியலைன்னா முன்கூட்டியே சொல்லிடுவேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு வேறு கடை பார்ப்பவர்களும் உண்டு. தங்குகிறவர்கள் வருடக்கணக்கில் தங்குகிறார்கள்.

அந்தப் பெண்ணிடம், இப்போதைக்குக் கடன் வாங்காதே என்றேன். என் கடையில் பாதி நாள் வந்து உட்கார்ந்து பழகு, உன் உடம்பு வருடத்தில் எத்தனை வாரம் உன்னைப் படுக்க வைக்கிறது என்று குறித்து வை. அப்புறம் அந்த வாரங்களுக்கான வாடகையையும் சாப்பாட்டையும் கையில் சேர்த்துக்கொண்டு கடை போடு. அதுவரை நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

இனி நட்பு வட்டத்தில் வங்கியில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உடல்நலக் காரணத்துக்காகச் சிறு தொழில் கடனின் தவணையைச் சில மாதம் தள்ளி வைக்க இன்றைய விதிகளில் கிளை மேலாளருக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது, மனு யாருக்கு எழுத வேண்டும், என்ன சான்று இணைக்க வேண்டும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். எங்கள் பகுதியில் இதே நிலையில் தொழில் செய்யும் பெண்கள் இருக்கிறோம். நாங்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டு மனு கொடுக்கத் தயாராக இருக்கிறோம்.