அடி வாங்கினால்தான் பணிவு வருமா?

பணிவு பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில், தோல்வியும் அவமானமும்தான் மனிதனுக்குப் பணிவைக் கற்றுக்கொடுக்கும் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. பாலக்கோடு பக்கம் தக்காளி மண்டியில் காலையில் போய் நின்று பாருங்கள், விவசாயி தோள்துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு "பாத்துப் போடுங்கண்ணா" என்பார், மண்டிக்காரர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கக்கூட மாட்டார். இதற்குப் பேர் பணிவா? கடன் வாங்கியிருப்பார், வேறு வழியில்லை, அவ்வளவுதான்.

நம்ம தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமானையே எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லிக்கனிக் கதை தருமபுரியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஆனால் அந்தக் கனியின் பலனை அவன் வாய்விட்டுச் சொல்லாமல் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு கொடுத்தான் என்று புறநானூறு 91இல் ஔவை சொல்வதை விட்டுவிடுகிறோம். இப்போது கோயிலுக்கு ஒரு ஃபேன் வாங்கிக் கொடுத்தால் மூன்று இறக்கையிலும் பேர் எழுதுகிறார்கள்! 94ஆம் பாட்டு இன்னும் அழகு. ஊர்ப் பொடிசுகள் தந்தத்தைக் கழுவிவிட, துறையில் பேசாமல் படுத்துக் கிடக்கும் பெரிய யானை மாதிரி அவன் எங்களுக்கு இனியவன், பகைவருக்கோ மதம் பிடித்த யானை என்கிறார். அதை யாரும் அடித்துப் படுக்க வைக்கவில்லை, பாருங்கள்.

அப்புறம், அவமானப்பட்டுத் திருந்தினவர்களைவிட, நமக்கும் ஒரு காலம் வரும், அப்போது யாரை மிதிக்கலாம் என்று காத்துக் கிடப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கட்டுரையாளர் அவர்களைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருக்கலாம்.