‘இல்லை’க்கும் ‘புரியவில்லை’க்கும் வித்தியாசம் தெரியாத லைப்ரரி

மூன்று நாளாக வயிறு எரிகிறது. கொட்டித் தீர்த்தால்தான் அடங்கும் போலிருக்கிறது.

வேலை என்னவோ சின்னதுதான். பயனர் எந்தப் பட்டனை அழுத்தினார் என்று பதிவு செய்ய, எங்கள் ஜாவாஸ்கிரிப்ட் கோட் முழுக்க ‘ட்ராக்’ என்று ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுகிறோம். முன்பெல்லாம் நிகழ்வின் பெயரை மேற்கோள் குறிக்குள் அப்படியே ஸ்ட்ரிங்காக எழுதிவிடுவார்கள். இப்போது ஓரிடத்தில் பெயர் வைத்து எழுதிய கான்ஸ்டன்ட் கொடுக்க வேண்டும். “ஸ்ட்ரிங் கொடுக்கிற இடம் இன்னும் எத்தனை மிச்சம்னு பாருப்பா, ஒன்னும் இல்லைன்னா பழசைத் தூக்கிடலாம்” என்றார் லீட்.

எழுத்தை வரி வரியாகத் தேடும் கிரெப் போட்டால் கமெண்டில் கிடப்பதும் வரும், ட்ராக்கர் ட்ராக்லிஸ்ட் எல்லாம் சேர்ந்து வரும், மூன்று வரியாக உடைத்து எழுதியது மட்டும் வராது. அதனால் கோடைப் படித்துப் பிரிக்கும் பார்சரிடம் கொடுத்து, கோடின் அமைப்பை மரமாகக் காட்டும் ஏஎஸ்டி வாங்கி, அந்த மரத்தில் தேடுவோம் என்று முடிவு செய்தேன். இதற்கென்றே ஒரு குட்டி லைப்ரரி இருக்கிறது, பெயர் வேண்டாம். வெப் பக்கத்தின் உறுப்புகளைச் சுட்ட சிஎஸ்எஸ் செலக்டர் எழுதுவது போலவே, மரத்தில் எதைத் தேடுவது என்று எழுதலாம். ‘கால்எக்ஸ்பிரஷன்’ (ஃபங்ஷன் அழைப்பு) நோடு, அதாவது மரத்தில் ஒரு கணு, கூப்பிடப்படும் பெயர் ட்ராக், நேர் கீழே ஒரு ‘லிட்டரல்’ (நேரடியாக எழுதிய மதிப்பு). ஒரே வரி. அழகுதான், அதை மறுக்கவில்லை.

ஓட்டினேன். காலி அர்ரே வந்தது. எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை, சதுர அடைப்புக்குறி இரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றன.

போன வருஷமே யாரோ பாதியை மாற்றியது எனக்குத் தெரியும். சரி, மீதியையும் முடித்துவிட்டார்கள் போல, நல்ல பிள்ளைகள் என்று நினைத்து, ‘ஜீரோ’ என்று சாட்டில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். பழைய வழியைத் தூக்கினார்கள். அன்று மாலை டாஷ்போர்டில் பாதி கோடுகள் தரையோடு படுத்துவிட்டன. “என்னப்பா, ஜீரோன்னு சொன்னியே?” என்று லீட் போன் செய்தபோது நான் பைக்கில் பாதி வழியில் இருந்தேன். வெள்ளிக்கிழமை, வேறென்ன.

நடந்தது இதுதான். செலக்டர் எழுதும் முன் ஏஎஸ்டி எக்ஸ்ப்ளோரர் என்ற வலைத்தளத்தில் ஒரு வரியை ஒட்டி மரம் எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். அங்கே பார்சராக அக்கார்ன் தேர்வாகி இருந்தது. அக்கார்ன் தருவது பல கருவிகள் பின்பற்றும் ஈஎஸ்ட்ரீ வடிவ மரம். அதில் ஸ்ட்ரிங், எண், ட்ரூ, நல், ரெஜெக்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ‘லிட்டரல்’. என் ஸ்கிரிப்டில் இருந்ததோ பேபல் என்ற இன்னொரு பார்சர். அக்கார்னிலிருந்து கிளைத்ததுதான், ஆனால் பெயர் வைப்பதில் தனிக்குடித்தனம். ஸ்ட்ரிங்குக்கு ‘ஸ்ட்ரிங்லிட்டரல்’, எண்ணுக்கு ‘நியூமரிக்லிட்டரல்’ என்று பிரித்து வைத்திருக்கிறது. வெறும் ‘லிட்டரல்’ என்று ஒரு நோடு அந்த மரத்தில் எந்தக் காலத்திலும் இருக்கப்போவதில்லை.

என் தப்புதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தப்பைச் சொல்ல ஒரு வாய் வேண்டாமா?

மளிகைக்கடை அண்ணாச்சியிடம் துண்டுச்சீட்டைத் தப்பாக எழுதிக் கொண்டுபோனால், “அப்படி ஒரு சாமானே கிடையாதே தம்பி, வீட்ல கேட்டுட்டு வாங்க” என்பார். சரக்கு தீர்ந்திருந்தால் “தீர்ந்துபோச்சு” என்பார். இரண்டும் வேறு பதில்கள், இரண்டுக்கும் நான் செய்ய வேண்டிய வேலையும் வேறு. இந்த லைப்ரரி இரண்டுக்கும் வெறும் பையைத்தான் நீட்டுகிறது. இத்தனைக்கும் செலக்டரில் ஒரு அடைப்புக்குறியை மூடாமல் விட்டுப் பாருங்கள், உடனே கத்தும். ‘வாழைக்காய்’ என்று நோடு பெயர் கொடுங்கள், மரம் முழுக்க மரியாதையாகச் சுற்றிவிட்டுக் காலிப் பட்டியலோடு வந்து நிற்கும்.

“சிஎஸ்எஸ்ஸும் அப்படித்தானே” என்று ஒருவர் சொன்னார். சிஎஸ்எஸ்ஸுக்கு அது நியாயம். ஹெச்டிஎம்எல்லில் யார் வேண்டுமானாலும் புது டேக் உருவாக்கலாம், இன்று இல்லாதது அடுத்த நொடி வரலாம். ஏஎஸ்டி அப்படிப்பட்ட திறந்த மடம் இல்லை. பார்சர் என்னென்ன நோடு தரும் என்பது முன்கூட்டியே எழுதி வைத்த பட்டியல். பேபல் தன் பட்டியலைத் தானே வெளியே கொடுக்கிறது. கோடில் தப்பு தேடும் ஈஎஸ்லிண்ட் கருவிக்காரர்களும் அவர்கள் பக்கத்துப் பட்டியலைத் தனி பேக்கேஜாகவே போட்டிருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நாலு வரி கோட் போதும். ஜேஎஸ்எக்ஸ், டைப்ஸ்கிரிப்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நீட்சிகளுக்கு ஒவ்வொரு பார்சரும் கூடுதலாக நோடுகளைக் கொண்டுவரும், எல்லாவற்றையும் லைப்ரரி தெரிந்து வைத்திருக்க முடியாது என்பதும் உண்மைதான். அப்படியானால் பட்டியலை நான் கொடுக்கிறேன், வாங்கிக்கொள்ள ஒரு இடமாவது வை!

இதைச் செய்ய முடியாது என்றால் நம்பியிருப்பேன். மரத்தைச் சுற்றிவரும் பேபலின் சொந்த ட்ராவர்ஸே செய்கிறதே. அதில் இல்லாத நோடு பெயருக்கு விசிட்டர் (அந்த நோடு வந்தால் ஓடும் ஃபங்ஷன்) எழுதினால், இது சரியான வகை இல்லை என்று ஓடவே மறுத்துவிடும். பைத்தானில் நோடு வகைகள் எல்லாம் ஏஎஸ்டி மாட்யூலுக்குள் இருக்கும் கிளாஸ்கள். பெயரில் ஒரு எழுத்துப் பிசகினாலும் அந்த வரியிலேயே ஆட்ரிபியூட் எரர். 3.8ல் எண், ஸ்ட்ரிங் நோடுகளை எல்லாம் ‘கான்ஸ்டன்ட்’ என்று ஒன்றாக்கியபோதுகூடப் பழைய பெயர்களை ஒரே நாளில் கொன்றுவிடாமல் வைத்திருந்தார்கள். கேட்பவன் எதைக் கேட்கிறான் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

சரி, கதை இன்னும் முடியவில்லை. ராத்திரி எட்டரைக்குப் பெயரை மாற்றி ஓட்டினேன். 38 இடம். அப்பாடா என்று திருத்திக்கொண்டே வந்தால், கண்ணெதிரே ஒரு ட்ராக் அழைப்பு, பட்டியலில் இல்லை. கேள்விக்குறியும் புள்ளியும் போட்டுக் கூப்பிட்டிருக்கிறார்கள், இருந்தால் மட்டும் கூப்பிடும் ஆப்ஷனல் செயினிங். ஈஎஸ்ட்ரீயில் அதுவும் கால்எக்ஸ்பிரஷன்தான், மேலே ‘செயின்எக்ஸ்பிரஷன்’ என்று ஒரு உறை மட்டும் இருக்கும். பேபலில் அது ‘ஆப்ஷனல்கால்எக்ஸ்பிரஷன்’ என்ற தனி ஜாதி. அப்படி மொத்தம் 6. முதல் தடவை முழுப் பொய், இரண்டாவது தடவை பாதிப் பொய். பாதிப் பொய்தான் ஆபத்து, 38 என்று ஒரு எண்ணைப் பார்த்ததும் மனசு ஆறிப்போகிறது.

பேபல் பார்சருக்கே ‘ஈஎஸ்ட்ரீ’ என்று ஒரு ப்ளக்இன் இருக்கிறது. போட்டால் ஈஎஸ்ட்ரீ வடிவத்திலேயே மரம் தரும், என் பழைய ஒற்றை வரி செலக்டரே 44ஐயும் பிடித்துவிடும். இதைக் கண்டுபிடித்தபோது மணி பதினொன்று.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்த லைப்ரரிக்கு மேல் ஒரு சின்ன உறை எழுதினேன். செலக்டரில் உள்ள நோடு பெயர்களைப் பட்டியலோடு ஒப்பிடும், இல்லாவிட்டால் கத்தும். எழுதிய கையோடு எங்கள் பழைய ஸ்கிரிப்ட்கள், இதே போல் செலக்டரில் எழுதிய லிண்ட் விதிகள் எல்லாவற்றின் மேலும் ஓட்டினேன். லிண்ட் விதி ஒன்றில் கத்தியது. பழைய ஏபிஐயை யாரும் கூப்பிடக் கூடாது என்று தடுக்கும் விதி, ‘எக்ஸ்பிரஷன்’ என்பதில் ஒரு எஸ் குறைவு. இரண்டு வருஷமாக எதையுமே தடுக்காமல், ஒவ்வொரு பில்டிலும் பச்சை டிக் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. யார் அந்த மகானுபாவன் என்று கிட் பிளேம் போட்டுப் பார்த்தேன்.

நான்தான்.