சாவி இல்லேன்னு சொல்றதுக்கும் சாவி கேக்குறாய்ங்க

"உங்கள் 25 இலக்க உரிமச் சாவியை உள்ளிட்டு, இறுதியில் ஹாஷ் பட்டனை அழுத்தவும்."

யோவ், நான் வாங்குன சாஃப்ட்வேரைத் திறக்கிற அந்தச் சாவி பெட்டிக்குள்ள இல்லேன்னு சொல்றதுக்குத்தான்யா போனே போட்டேன்!

பேசுறது பதிவு பண்ணி வச்ச குரல். அதுகிட்ட கத்தி என்ன ஆகப்போகுது? எதையும் அழுத்தாம இருந்தா "நீங்கள் எதையும் உள்ளிடவில்லை"ங்குது. கைக்கு வந்த நம்பரை அழுத்துனா "தவறான சாவி, நன்றி"ன்னு லைனையே வெட்டி விடுது. சாவின்னா அதுல நம்பரும் வரும், இங்கிலீஷ் எழுத்தும் வரும். போன் பட்டன்ல 'கே'ங்கிற எழுத்தை எப்படிய்யா அழுத்துறது? அப்ப சாவி கையில இருக்கிறவனும் இந்த வாசலைத் தாண்ட முடியாது. இதைச் செஞ்சவன் ஒருநாளாவது தன் கம்பெனி நம்பருக்குத் தானே போன் போட்டுப் பாத்திருப்பானா?

பழைய கம்ப்யூட்டர் செத்துப் போச்சு. புதுசு வாங்கி, பில் போடுற சாஃப்ட்வேரையும் முறையா 18 சதவீதம் ஜிஎஸ்டியோட காசு குடுத்து காரைக்குடியில வாங்கினேன். பளபளன்னு ஒரு அட்டைப் பெட்டி. உள்ள ஒரு பென்டிரைவ், மடிச்சு வச்ச இங்கிலீஷ் காகிதம், ஒரு பிளாஸ்டிக் தட்டு. அந்தத் தட்டுல ஏடிஎம் கார்டு அளவுக்கு ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துல கார்டு இருக்கணும், கார்டுல சாவி இருக்கணும். பள்ளம் மட்டும்தான் இருந்துச்சு. ஓரத்துல காஞ்ச பசை ஒரு சொட்டு, கார்டு ஒட்டுன தடமே இல்ல. காகிதத்துல தடிச்ச எழுத்துல போட்டிருக்கான்: கார்டைத் தொலைத்தால் மாற்றுக் கார்டு வழங்கப்படாது. நான் எங்கய்யா தொலைச்சேன்? நீ வைக்கவே இல்லையே!

பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கடைக்குப் போனேன். கல்லாவுல இருந்த தம்பி திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "அண்ணே, சீலைப் பிரிச்சுட்டீகளே, பிரிச்சதைத் திருப்பி எடுக்க முடியாதுண்ணே"ங்கிறான். பிரிக்காம உள்ள கார்டு இல்லேன்னு எப்படித் தம்பி தெரியும்னு கேட்டேன். "அது சரிதாண்ணே, ஆனா கம்பெனி ரூல்ஸ்ணே." நியாயம் எம்பக்கம்னு அவனும் ஒத்துக்கிறான். பெட்டியை மட்டும் வாங்க மாட்டேங்கிறான்.

இந்நேரம் எங்க ஆத்தங்குடி தரைக்கல்லுப் பட்டறையில பெங்களூரு லோடு ஏத்தி வண்டி நிக்குது. வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல சரக்கு போனா இ-வே பில், அதாவது அரசாங்கத் தளத்துல எடுக்கிற சரக்குச் சீட்டு, இல்லாம வண்டியை எடுக்க முடியாது. அதுக்கு முதல்ல இன்வாய்ஸ் போடணும். சாஃப்ட்வேரைத் திறந்தா நடுத்திரையில அஞ்சு காலிக் கட்டம், அதுக்குக் கீழ 'ஆக்டிவேட்' பட்டன் சாம்பல் நிறத்துல செத்துக் கிடக்கு. டிரைவர் வந்து வந்து எட்டிப் பாக்குறாரு. கடைசியில பழைய பில் புக்கைத் தேடி எடுத்துக் கார்பன் வச்சுக் கையால எழுதி, அரசாங்கத் தளத்துல நானே ஒவ்வொண்ணா அடிச்சு இ-வே பில் எடுத்து வண்டியை அனுப்பி வச்சேன். அப்ப இந்த சாஃப்ட்வேர் எதுக்கு?

மெயில் போட்டேன். பதில் வந்துச்சு. என்ன பதில் தெரியுமா? "சாவி தெளிவாகத் தெரியும்படி கார்டைப் படம் பிடித்து இணைக்கவும்." இல்லாத கார்டை எந்தக் கேமராவுலய்யா படம் பிடிக்கிறது? காலிப் பள்ளத்தைப் படம் எடுத்து, பில்லையும் பெட்டி மேல உள்ள பார்கோடையும் சேத்து அனுப்புனேன். "படம் தெளிவாக இல்லை"ன்னு மறு பதில். வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சது.

எப்படியோ ஒரு உசுருள்ள மனுஷன் லைன்ல வந்தாரு. தற்காலிகச் சாவி தர்றேன் எழுதிக்கங்க சார்னாரு. "பி ஃபார் பெங்களூர், செவன், ஓ, கே..." பூஜ்யத்தையும் ஓங்கிறாரு, ஓவையும் ஓங்கிறாரு. நம்ம ஊர்ல பல பேரு போன் நம்பரை அப்படித்தானே சொல்லிப் பழகியிருக்காங்க! சார், இது பூஜ்யமா ஓவான்னு கேட்டா, "ஓ சார், ஓ"ங்கிறாரு. மாத்தி மாத்தி அடிக்கிறேன், செவப்பு எழுத்துல தப்பு தப்புன்னு வருது. அப்புறம் "அனுமதிக்கப்பட்ட முயற்சிகள் முடிந்தன, நாளை முயலவும்"னு பூட்டிக்கிச்சு. லைனும் போச்சு. திரும்பக் கூப்பிட்டா யார் எடுப்பா? அதே குரல். "உங்கள் 25 இலக்க..."

விண்டோஸ் சாவியை உத்துப் பாத்திருக்கீங்களா? அதுவும் 25 எழுத்துதான், அஞ்சஞ்சாப் பிரிச்சிருக்கும். அதுல பூஜ்யமும் வராது, ஓவும் வராது, 1-ங்கிற நம்பரும் வராது, ஐங்கிற எழுத்தும் வராது. பாக்க ஒண்ணுபோல இருக்கிறதைத் தூக்கிட்டாங்க. 2001-ல எக்ஸ்பி வந்தப்பவே நெட் இல்லாதவன் போன்ல நம்பரைச் சொல்லி ஆக்டிவேட் பண்ற வழியும் இருந்துச்சு. இத்தனை வருஷம் கழிச்சு சாஃப்ட்வேர் விக்க வர்றவனுக்கு அதைப் பாத்துப் படிக்கக்கூடவா முடியல?

இதுல எனக்கு ஆறவே ஆறாத விஷயம் வேற. இதே சாஃப்ட்வேரைத் திருட்டுத்தனமா போட்டு வச்சிருக்கிறவன் எத்தனை பேரு! அவனுக்கு கார்டும் வேணாம், கஸ்டமர் கேரும் வேணாம். பூட்டை உடைச்சவன் உள்ள உக்காந்து பில் போட்டுக்கிட்டிருக்கான். காசு குடுத்தவன் வாசல்ல நின்னு நான் திருடன் இல்லேன்னு சத்தியம் பண்ணணும். பணத்தையும் குடுத்துட்டு இந்தப் பாடும் படணுமா?

நாங்களும் வியாபாரம்தான் பண்றோம். கண்ணாடி மேல அச்சை வச்சு, கையால கலர் ஊத்தி, தண்ணியில ஊறப்போட்டு எடுக்கிற கல்லு. வழியில நாலு உடையத்தான் செய்யும். அதனால லோடு ஏத்தும்போதே உடைசலுக்குன்னு கூடுதலாக் கல்லு வச்சுத்தான் அனுப்புறோம். உடைஞ்ச கல்லைப் படம் எடுத்து நிரூபின்னு எந்த வீட்டுக்காரரையும் கேட்டதில்ல. பெட்டியில வைக்க வேண்டிய முக்கியமான பொருளையே வைக்காம விட்டவன், எங்கிட்ட ஆதாரம் கேக்குறான்!

இந்த மாதிரி மாட்டிக்கிட்டவங்க சும்மா விடாதீங்க. 1915-க்குப் போன் போடுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கம்பெனி எந்த ஊர்ல இருந்தாலும் நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம். எனக்கு சிவகங்கைதான், பஸ் ஏறுனா போயிரலாம். "நீங்க தொழிலுக்கு வாங்கினீங்க, நீங்க நுகர்வோரே இல்ல"ன்னு மிரட்டுவாய்ங்க, நம்பாதீங்க. சொந்தமாத் தொழில் செஞ்சு பிழைக்கிறதுக்கு வாங்குனாலும் நுகர்வோர்தான்னு சட்டத்துலயே இருக்கு. நானும் 1915-ன்னு ஒரு வரி எழுதி மெயில் போட்டேன், மறுநாளே குரல் மாறிருச்சு. மாற்றுக் கார்டு தரவே மாட்டேன்னவன் மாற்றுக் கார்டு அனுப்புறேங்கிறான்.

எதுல? கூரியர்ல! 25 எழுத்து. மெயில்ல அனுப்புனா ஒரு நிமிஷம். பாதுகாப்புக் காரணமாம்.

அந்தக் கூரியர் இன்னிக்கு வந்துச்சாம், திரும்பியும் போயிருச்சாம். "கதவு பூட்டியிருந்தது"ன்னு மெசேஜ் வருது. எங்க தெருப்பக்கம் வீடுக எல்லாம் முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. நடுவுல முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படின்னு நீண்டு கிடக்கும். பின்னாடி நின்னு தொண்டை கிழியக் கத்துனாலும் முன்னாடி கேக்காது. இந்தக் கூரியர் பசங்க மேப்பைப் பாத்துக்கிட்டு எப்பவும் பின்வாசலுக்கே போறாய்ங்க. ஆயாவுக்கு மதுரையிலிருந்து வர்ற சுகர் மருந்து இப்படித்தான் போன மாசம் திரும்பிப் போச்சு. திண்ணையில எங்க ஆத்தா காலையிலேருந்து உக்காந்திருக்காக, கதவு விரியத் திறந்து கிடக்கு. அட்ரஸ்ல முன்வாசல் தெருப் பேரைக் கொட்டை எழுத்துல போட்டிருக்கேன், போன் நம்பரும் இருக்கு. ஒரு போன் போட்டாக் கொறஞ்சா போயிருவீங்க?