பிடுங்கி வைத்த டிஸ்க்

"எல்லாம் க்ளவுட்ல பத்திரமா இருக்குதுங்கக்கா."

எங்கள் ஸ்டூடியோவில் இனி யாரும் இப்படிச் சொல்லக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். காரணத்தை நீட்டி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். வீடியோ, போட்டோ, டிசைன், அனிமேஷன் என்று சின்ன டீம் வைத்து வேலை செய்கிறவர்கள் நேரம் ஒதுக்கிப் படியுங்கள்.

நாங்கள் நான்கு பேர். கோயம்புத்தூரில் ஒரு வீடியோ யூனிட். கல்யாணம், கம்பெனிப் படம், வருடத்துக்கு ஒன்றிரண்டு ஆவணப்படம். 2023-இல் நெகமம் பக்கம் ஒரு கைத்தறி நெசவாளரை இரண்டு நாள் படம் பிடித்தோம். எழுபது தாண்டியவர். தறியில் பழைய பாவு, அதாவது நீளவாட்டில் ஓடும் நூல், முடிகிற இடத்தில் புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாக எடுத்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைத்துக்கொண்டே போனார். பேசவே இல்லை. நாற்பது நிமிடம் கேமராவை அசைக்காமல் எடுத்தோம். அந்தப் படத்தின் உயிரே அந்த நாற்பது நிமிடம்தான்.

ஃபுட்டேஜ் முழுவதையும் டீம் எல்லோருக்கும் பொதுவான சிங்க் ஃபோல்டரில் போட்டோம். நான்கு பேர் கம்ப்யூட்டரிலும் அதே ஃபோல்டர் தெரியும். கேமரா கார்டை அடுத்த வேலைக்காக ஃபார்மட் செய்துவிட்டோம். இரண்டு மாதம் கழித்து, கலர் வேலைக்காக ஒரிஜினல் ஃபைல்களை இணைத்தபோது டைம்லைன் முழுக்கச் சிவப்பு. மீடியா ஆஃப்லைன், அதாவது ஃபைல் இருந்த இடத்தில் இல்லை.

நடந்தது இதுதான். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பியின் லேப்டாப்பில் இடம் இல்லை. பெரிய ஃபோல்டராகப் பார்த்து ஒன்றை அழித்தான். லேப்டாப்பில் இருக்கும் காப்பி மட்டும்தான் போகும், க்ளவுடில் இருப்பது அப்படியே இருக்கும் என்று நம்பினான். அழித்தது சில நொடிகளில் க்ளவுடிலிருந்தும் போனது, என் கம்ப்யூட்டரிலிருந்தும் போனது. குப்பைத்தொட்டியில் 30 நாள் இருந்தது. நாங்கள் பார்த்தது 47-ஆம் நாள்.

திரும்பப் போய் எடுக்கலாம் என்று பெரியவருக்கு போன் செய்தேன். "தறியக் கழட்டிக் குடுத்துட்டனுங்க அம்மணி" என்றார். தறி நின்ற குழியையும் மூடிவிட்டாராம்.

தம்பியை நான் திட்டவில்லை. இதைப் பெரிய மனசு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உண்மையிலேயே தவறு அவனுடையது அல்ல. சிங்க் என்பது எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி வைத்திருப்பது. ஒருவர் திருத்தினால் எல்லாரிடமும் திருந்த வேண்டும், ஒருவர் அழித்தால் எல்லாரிடமும் அழிய வேண்டும். அந்த மென்பொருள் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. நான்கு கண்ணாடியில் ஒரே முகம் தெரிவதை நான்கு முகம் என்று எண்ணிக்கொண்டது டீமை நடத்துகிற நான். நான்கு இடத்தில் ஃபோல்டர் தெரிந்ததால் நான்கு காப்பி இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். இருந்தது ஒன்றே ஒன்று.

இது சின்ன டீமுக்கு மட்டும் நடப்பதில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் டேஜோன் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தது. லித்தியம் பேட்டரியில் தொடங்கிய தீ. அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளை வைத்திருந்த ஜி-ட்ரைவ் என்ற க்ளவுட் சேமிப்பு அதில் எரிந்துபோனது. 858 டெராபைட். ஒரு டெராபைட் என்பது ஆயிரம் ஜிபி. வெளியில் காப்பி இல்லை. அளவு பெரிதாக இருந்ததால் பேக்கப் எடுக்க முடியவில்லை என்றுதான் காரணம் சொன்னார்கள். இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரிதாக இருக்கிறது, அதனால் பேக்கப் இல்லை. இதே வார்த்தையை எத்தனை எடிட் ரூமில் கேட்டிருக்கிறோம்!

சரி, க்ளவுடிலேயே எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே ரெக்கார்டிங் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. மூன்று கேமரா, ஆளுக்கு ஆறு மணி நேரம் என்றால் 810 ஜிபி. ஒரு முகூர்த்த நாளுக்கு இது சாதாரணம். 100 எம்பிபிஎஸ் இணைப்பு ஒரு நொடிகூடத் தளராமல் ஓடினாலே இதை ஏற்ற 18 மணி நேரம். தளராமல் ஓடும் இணைப்பை நான் இன்னும் பார்க்கவில்லை. கூகுள் ட்ரைவில் ஒருவர் ஒரு நாளைக்கு 750 ஜிபிக்கு மேல் ஏற்ற முடியாது. ஆக ஒரே நாள் கல்யாணம் ஒரே நாளில் மேலே போகாது. இங்கே பல ஃபைபர் திட்டங்களில் மாதத்துக்கு 3.3 டெராபைட் தாண்டினால் வேகத்தை இறக்கிவிடுவார்கள். அன்லிமிடெட் என்று பெரிய எழுத்தில் இருக்கும், இது சின்ன எழுத்தில் இருக்கும். நான்கு கல்யாணத்தை ஏற்றினாலே 3.24 டெராபைட். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் எங்களுக்கு நான்கோடு நிற்காது.

அதே 810 ஜிபியைச் சாதாரண யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி போட ஒன்றே முக்கால், இரண்டு மணி நேரம். மண்டபத்தில் பந்தி முடிவதற்குள் ஆகிவிடும்.

இன்னொரு வரம்பும் உண்டு, அது எண்ணிக்கை. ஒன்ட்ரைவில் மொத்தம் 3 லட்சம் ஃபைலுக்கு மேல் சிங்க் செய்ய வேண்டாம் என்பது மைக்ரோசாஃப்டே சொல்லும் பரிந்துரை. கேட்க நிறைய இருக்கிறதே என்று தோன்றும். அனிமேஷன்காரர்களைக் கேளுங்கள். ஒவ்வொரு ஃப்ரேமையும் தனிப் படமாக ரெண்டர் செய்கிறவர்களுக்கு ஓடும் படத்தின் ஒரு நொடிக்கு 24 ஃபைல், ஒரு மணி நேரப் படத்துக்கு 86,400. மூன்றரை மணி நேரப் படத்தை ரெண்டர் செய்தால் 3 லட்சம் முடிந்தது. எடிட்டிங் மென்பொருள் தற்காலிக ஃபைல்களைப் போட்டு வைக்கும் கேஷ் ஃபோல்டரைத் தெரியாமல் சிங்க் ஃபோல்டருக்குள் வைத்துவிட்டால் போதும், ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள் நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ப்ராஜெக்ட் ஃபைல் வரிசையில் காத்துக்கிடக்கும்.

கொடுத்த வாக்கும் நிலைப்பதில்லை. டிராப்பாக்ஸ் தன் அட்வான்ஸ்டு திட்டத்தில் டீமுக்கு வேண்டிய அளவு இடம் என்று விற்றுக்கொண்டிருந்தது. 2023 ஆகஸ்டில் அதை நிறுத்தியது. புதிதாகச் சேர்பவர்களுக்கு மூன்று பேருக்கு 15 டெராபைட் என்று அளந்து கொடுத்தது. கிரிப்டோ மைனிங்குக்கும் இடத்தை வாங்கி மறுவிற்பனை செய்யவும் சிலர் பயன்படுத்தினார்கள் என்று காரணம் சொன்னது. காரணம் நியாயமாகவே இருக்கட்டும். பத்து வருட வேலையை அந்த வாக்கை நம்பி ஏற்றி வைத்தவர் என்ன செய்வார்? இறக்கவும் நாள் கணக்கில் ஆகும், இறக்கி வைக்க டிஸ்க்கும் வேண்டும்.

சிங்க் ஃபோல்டரையே எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் வைத்தால் என்ன என்று பலர் கேட்கிறீர்கள். நாங்களும் செய்து பார்த்தோம். மேக் வைத்திருக்கும் நண்பருக்கு 2022-இல் மேக்ஓஎஸ் 12.3 வந்த பிறகு சிக்கல் தொடங்கியது. சில க்ளவுட் சேவைகளின் ஃபோல்டர்கள் கம்ப்யூட்டரின் உள் டிஸ்க்கில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் போய்விட வேண்டும் என்று அப்போது முறையே மாறியது. டிஸ்க் ஃபைல்களை அடுக்கி வைக்கும் வடிவங்கள் பல உண்டு. விண்டோஸில் ஒன்ட்ரைவ் ஃபோல்டர் வைக்க டிஸ்க் என்டிஎஃப்எஸ் வடிவில் இருக்க வேண்டும், கடையில் வாங்கும் டிஸ்க்குகளில் பல எக்ஸ்ஃபேட் வடிவில் வரும். இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். எனக்கு அதில் இருக்கும் பயம் வேறு. சிங்க் ஃபோல்டர் டிஸ்க்கில் இருந்தால் அந்த டிஸ்க்கும் சொன்னபடி கேட்கும். அங்கே அழித்தது இங்கேயும் அழியும். எந்தத் தவறிலிருந்து காப்பாற்ற டிஸ்க் வாங்கினோமோ, அந்தத் தவறுக்கே அதையும் கட்டிப்போட்டு வைக்கிறோம்.

க்ளவுட் சின்னம் போட்ட ஃபைல்களையும் கவனியுங்கள். பெயர் தெரியும், அளவு தெரியும், ஆனால் உங்கள் கம்ப்யூட்டரில் ஒன்றும் இருக்காது, திறந்தால்தான் இறங்கும். நெட் இல்லாத இடத்தில் லேப்டாப்பைத் திறந்து க்ளையன்டுக்குப் படம் காட்ட உட்கார்ந்தவருக்கு இந்த வலி தெரியும்.

இவ்வளவு சொல்வதால் டிஸ்க் தெய்வம் என்று நான் சொல்லவில்லை. டிஸ்க் கீழே விழும். எக்ஸ்ஃபேட் டிஸ்க்கை எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கினால், எழுதிக்கொண்டிருந்த நேரமாக இருந்தால், ஃபோல்டர் பட்டியலே சிதைந்துபோகலாம், ஏனென்றால் பாதியில் நின்ற வேலையைத் திரும்பச் சரிசெய்யும் குறிப்பேடு அந்த வடிவத்தில் கிடையாது. எஸ்எஸ்டி என்ற, சுழலும் பாகம் இல்லாத டிஸ்க் வேகமானது, எடிட் செய்ய அருமையானது. ஆனால் மின்சாரம் கொடுக்காமல் வருடக்கணக்கில் பீரோவில் வைப்பதற்கு அது ஏற்றதல்ல, உள்ளே இருக்கும் மின்னூட்டம் மெல்லக் கசியும். வைத்துப் பாதுகாக்கச் சுழலும் ஹார்ட் டிஸ்க்கே மேல். சென்னையில் எனக்குத் தெரிந்த போட்டோகிராபர் ஒருவர் எல்லாவற்றையும் இரண்டு டிஸ்க்கில் வைத்திருந்தார். இரண்டும் தரைத்தளத்தில் ஒரே மேசை டிராயரில். 2015 டிசம்பர் வெள்ளம் இரண்டையும் ஒரே இரவில் மூழ்கடித்தது.

பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 என்ற கணக்கு இதற்குத்தான்: மூன்று காப்பி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு இடத்தில். எங்கள் அனுபவத்தில் நான் இன்னொன்று சேர்த்துக்கொண்டேன். அந்த மூன்றில் ஒன்றாவது எதனோடும் இணைக்கப்படாமல் இருக்க வேண்டும். வயரைப் பிடுங்கி வைத்த டிஸ்க்கை யாராலும் தவறுதலாக அழிக்க முடியாது. வைரஸும் அதைத் தொடாது, சந்தா கட்டத் தவறியதால் அது பூட்டிக்கொள்ளவும் செய்யாது.

இப்போது எங்கள் வழக்கம் இது. ஷூட்டிங் இடத்திலேயே கார்டிலிருந்து இரண்டு டிஸ்க்குக்குக் காப்பி. வெறுமனே இழுத்துப் போடாமல் டெராகாப்பி போன்ற மென்பொருளில், காப்பி ஆனதும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வசதியைப் போட்டு. இரண்டும் சரி என்று வந்த பிறகுதான் கார்டில் கை வைப்போம். ஒரு டிஸ்க் எடிட் டேபிளுக்கு. அதற்கு எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே ட்ரைவ் எழுத்து கொடுத்திருக்கிறோம், இல்லையென்றால் ஆள் மாறும்போதெல்லாம் ஃபைல் எங்கே என்று மென்பொருள் கேட்டுக்கொண்டே இருக்கும். இன்னொன்று பெயர், தேதி எழுதி ஒட்டிப் பிடுங்கி வைக்கப்படும். க்ளவுடில் போவது ப்ராஜெக்ட் ஃபைல், ப்ராக்ஸி (எடிட் செய்ய எடுக்கும், தரம் குறைந்த சின்னக் காப்பி), பாட்டு, கிராபிக்ஸ், க்ளையன்டுக்கு அனுப்பும் பிரிவ்யூ. இந்த வேலைக்குச் சிங்க் போல வேறெதுவும் இல்லை. பொள்ளாச்சியில் இருக்கும் எடிட்டர் இரவு பதினொரு மணிக்குச் சேமித்ததை நான் காலையில் திறக்கிறேன். க்ளவுடை வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணமே இல்லை, கிடங்காக ஆக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிடுங்கி வைத்த டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகச் செருகி, நான்கைந்து ஃபைலைத் திறந்து ஓட்டிப் பார்க்கிறோம். தம்பிதான் அதற்குப் பொறுப்பு. அவனைவிட அக்கறையாக யாரும் அதைச் செய்ய முடியாது.

அந்த ஆவணப்படம் வெளிவந்தது. பாவு பிணைக்கும் காட்சியும் இருக்கிறது. எடிட்டர் தன் வீட்டு கம்ப்யூட்டர் தாங்காது என்று ஆரம்பத்திலேயே ப்ராக்ஸி எடுத்து, சிங்க் பக்கமே போகாத தன் பழைய டிஸ்க்கில் வைத்திருந்தார். 720பி, ஒரிஜினலைவிட மிகக் குறைந்த தரம். பெரிய திரையில் விரல் நுனி கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும், சாம்பல் தெரியாது. எனக்கு அது இன்றும் உறுத்துகிறது. பெரியவர் பேத்தியின் போனில் பார்த்துவிட்டு நல்லா இருக்குது என்றார்.

க்ளையன்டுகளுக்கும் ஒரு வேண்டுகோள். கொட்டேஷனில் "ஹார்ட் டிஸ்க் 2" என்று ஒரு வரி இருந்தால் அதை வெட்டாதீர்கள். டிரோனுக்குக் கொடுக்கிறீர்கள், ஆல்பத்தின் தோல் அட்டைக்குக் கொடுக்கிறீர்கள். எடுத்தது தங்குவதற்கும் கொஞ்சம் கொடுங்கள். போன வாரம்கூட ஒரு வீட்டில் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டார்கள். நான் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினேன், தறிக் கதையையும் சொன்னேன். ஒன்றுக்குச் சம்மதித்தார்கள். இரண்டாவதை நாங்களே வாங்கினோம். அது இப்போது உடுமலையில் என் சித்தி வீட்டு மேல்மாடி பீரோவில் இருக்கிறது.

படிக்கும் யூனிட்காரர்கள் இன்றைக்கு ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சிங்க் ஃபோல்டரைத் திறந்து, அங்கே மட்டும் இருக்கும் ஃபுட்டேஜ் எது என்று பாருங்கள். குப்பைத்தொட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள், 30 நாள் ஆவதற்குள்.