விட்டுடுங்கன்னு யாரிடம் சொல்கிறோம்?

எங்கள் பக்கம் ஒருவரைப் பாராட்ட வேண்டுமென்றால் "ரோஷக்காரர்" என்பார்கள். பட்ட அவமானத்தை மறக்காதவர், ஒரு சொல்லுக்காகச் சொந்தத் தம்பி வீட்டு வாசப்படியை மிதிக்காதவர் என்றால் ஊருக்குள் தனி மரியாதை. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் எந்த ஊரில் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். "அவங்களுக்கும் நமக்கும் போக்குவரத்து இல்லீங்க" என்று ஒரு வீட்டையாவது கைகாட்டாத குடும்பம் அபூர்வம். பெரும்பாலும் அது பங்காளி வீடாகத்தான் இருக்கும். கேட்டால் ஒரு வண்டித்தடம், கிணற்றில் தண்ணீர் எடுக்கிற முறை, இல்லாவிட்டால் ஓரடி நகர்ந்த வேலி.

இந்த ரோஷத்தை விட்டால்தான் மனதுக்கு நிம்மதியும் தெம்பும் வரும் என்று முழுதாக நம்புகிறவன் நான். வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் "விட்டுடுங்க" என்கிற அறிவுரையை நாம் யாரிடம் அதிகம் சொல்கிறோம் என்று யோசிக்கும்போது மனது ஆறவில்லை. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அப்பாவுக்கும் அவருடைய பெரியப்பா மகனுக்கும் காட்டுக்குப் போகிற தடத்தில்தான் தகராறு. எங்கள் ஊரில் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்துக்கெல்லாம் கிளுவை வேலிதான். கிளுவைப் போத்தை ஒடித்து நட்டாலே தழைத்துவிடும். நாலு மழை பார்த்துவிட்டால், வேலியை யாராவது நகர்த்தி நட்டார்களா, அதுவாகவே படர்ந்ததா என்று எந்தச் சர்வேயராலும் சொல்ல முடியாது. தடம் குறுகிவிட்டது என்றார் அப்பா. அது எப்போதும் இப்படித்தான் இருந்தது என்றார் அவர். வழக்கு போட்டாயிற்று.

சிவில் வழக்கின் குணம் பலருக்குத் தெரிந்திருக்கும். இந்த மாதிரிச் சொத்து வழக்குகளில் கட்சிக்காரர் இறந்தாலும் வழக்கு சாவதில்லை. 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்கச் சொல்லி மனு போட்டால் போதும், அது பாட்டுக்கு நடக்கும். எங்கள் வழக்கிலும் அதுதான் நடந்தது. அப்பாவோடு வழக்காடிய அந்தப் பெரியப்பா மகன் இறந்ததும் அவருடைய மகன்கள் பெயர் ஏறியது. வேலி எங்கே இருந்தது என்றே தெரியாத பையன்கள் எங்களுக்கு எதிரி ஆனார்கள்.

அவர் இறந்தபோது எங்களுக்கும் தீட்டு. பங்காளி ஆயிற்றே. அந்த வருடம் மாரியம்மன் நோம்பிக்கு எங்கள் வீட்டில் மாவிளக்கு எடுக்கவில்லை. வருடக்கணக்காக ஒரு வார்த்தை பேசியதில்லை, ஆனால் தீட்டை மட்டும் ஒரு நாள் குறையாமல் காத்தோம். அப்பா எழவு வீட்டுக்குப் போய், உள்ளே போகாமல் வெளியே வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார்.

அந்தக் காலத்தில் அப்பாவின் விடியற்காலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். எழுந்ததும் பால் கறக்கப் போக மாட்டார். டார்ச்சை எடுத்துக்கொண்டு நேராகத் தடத்துக்குப் போவார். எல்லைக்கல்லைச் சுற்றியிருக்கிற மண்ணைக் காலால் தள்ளிப் பார்ப்பார். கல் இருந்த இடத்தில்தான் இருக்கும். அதில் அவருக்கு ஒரு ஆறுதலும் கிடைத்ததில்லை. திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து, "இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு நவுத்துவானுங்க" என்பார். காபி ஆறிப்போகும். ராத்திரி நாய் குரைத்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

அவரை மாற்றியது மனவளக்கலை என்கிற யோகப் பயிற்சி. அதைக் கற்றுத் தருகிற ஆழியாறு அறிவுத் திருக்கோயில் பற்றிக் கொங்கு நாட்டில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "வாழ்க வளமுடன்" என்று போனை எடுக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வேதாத்திரி மகரிஷி வகுத்த பயிற்சிகளில் சினம் தவிர்த்தல் என்று ஒன்று உண்டு. யார் யார் மேல் கோபம் வருகிறதோ அவர்கள் பெயரை உட்கார்ந்து எழுத வேண்டும். பிறகு ஒவ்வொருவராக எடுத்து, அந்தக் கோபத்தை ஆராய்ந்து, அவரை மனதார வாழ்த்திப் பழக வேண்டும். பார்க்க எளிதாக இருக்கும். அப்பாவால் அந்தப் பங்காளி வீட்டுப் பெயர்களைச் சொல்லி வாழ்த்த முடியவில்லை. வாய் வரவில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். மற்றவர்களை எல்லாம் வாழ்த்தி முடித்துவிட்டு, இவர்களை மட்டும் ரொம்ப நாள் ஒத்திப்போட்டார்.

அப்புறம் ஒரு நாள் அவரே அந்தப் பெரிய பையனுக்குப் போன் பண்ணினார். மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

இந்த இடத்தில்தான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அப்பா எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. வேலி நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும், ஆனால் திருப்பத்தில் டிராக்டர் திரும்புகிற அளவுக்கு இடம் விட வேண்டும் என்று கேட்டார். கேட்டு வாங்கினார். கோபமாக இருந்த காலத்தில் ஒவ்வொரு அடியும் அவருக்கு உயிராகத் தெரிந்தது. கோபம் போன பிறகுதான் தனக்கு உண்மையில் தேவைப்பட்டது அந்தத் திருப்பம் மட்டும்தான் என்று கண்டுகொண்டார். நான் தெம்பு என்று சொல்வது இதைத்தான். எதிரில் உட்கார்ந்து, குரல் உயர்த்தாமல், வேண்டியதைக் கேட்கிற தெம்பு. மக்கள் நீதிமன்றத்தில் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டு முடித்தால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். இது தெரியாமலே பல குடும்பங்கள் வாய்தாவுக்கு அலைகின்றன.

இனி மனது ஆறாத விஷயம்.

எங்கள் ஊர் அக்கா ஒருவர். கல்யாணமான புதிதில், கைக்குழந்தையோடு அவரை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். "அண்ணன் லோன் வாங்கோணும், ஒரு கையெழுத்துப் போடு கண்ணு" என்றுதான் சொன்னார்கள். போட்டார். அது பூர்வீகச் சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம் என்பது பின்னால்தான் தெரிந்தது. அவர் வருத்தப்படும்போதெல்லாம் சொந்தக்காரர்கள் சொல்வது ஒன்றுதான்: "சீர் செஞ்சாச்சு, நகை போட்டாச்சு. அதையே நெனச்சுட்டிருக்காத, மனசுல இருந்து விட்டுடு, நிம்மதியா இருப்ப."

இது அநியாயம். அப்பா விட்டது அவர் கையில் இருந்ததை, அவராக முடிவு செய்து. இந்த அக்காவிடம் எதுவும் கேட்கப்படவே இல்லை. அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு, எடுத்ததைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்கு மன அமைதி என்று பெயர் வைக்கிறோம். மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை என்று தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது 1989-ல். மத்தியச் சட்டம் 2005-ல் வந்தது. அது பிறப்பாலேயே வருகிற உரிமை, 2005-ல் அப்பா உயிரோடு இருந்தாரா என்று பார்க்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் கையெழுத்து வாங்குவது நிற்கவில்லை. எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவளை அலங்கரித்து நிறுத்திச் செய்கிற சீர். அவள் இல்லாமல் சடங்கு நடக்காது. அந்த மரியாதை பாகம் பிரிக்கிற அன்றைக்கு எங்கே போகிறது?

அண்ணன் தம்பிகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். கையெழுத்து கேட்டுப் போகும்போது பத்திரத்தை முழுதாகப் படித்துக் காட்டுங்கள். அந்தக் காடு இன்றைக்கு என்ன விலை போகும் என்றும் சொல்லுங்கள். யோசிக்க நாள் கொடுங்கள். அதற்கு மேலும் "வேண்டாங்ண்ணா, நீங்களே வெச்சுக்குங்க" என்று அவள் சொன்னால் சரி. அது அவள் கொடுத்தது.

அந்த அக்கா இப்போது வக்கீலைப் பார்த்திருக்கிறார். ஊரில் சிலர் ஆசைக்காரி என்கிறார்கள். அண்ணன் மேல் கோபமா என்று கேட்டேன். "கோபமெல்லாம் எப்பவோ போச்சுங்க தம்பி. அவரு மகன் கல்யாணத்துக்கு மொத ஆளாப் போவேன். பங்கு கேக்கறது வேற" என்றார். நான் அவர் பக்கம்.