முதல் நாளிலேயே அந்தப் பேச்சு வேண்டாம்

வயதான நாய் ஒன்று திடீரென்று தலை சாய்ந்து, தள்ளாடி விழத் தொடங்கினால் சுற்றி இருப்பவர்கள் முதலில் சொல்வது 'ஸ்ட்ரோக்'. அடுத்து, 'வயசாயிடுச்சுல்ல'. அதற்கடுத்து யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, 'கஷ்டப்படுத்தாம ஊசி போட்டு அனுப்பிடுங்க' என்பார். மூன்றும் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். அந்த மூன்றாவது பேச்சை முதல் நாளில் யாருமே எடுக்கக் கூடாது என்பது என் கட்சி. மருத்துவரும்தான்.

எங்கள் செம்பிக்கு 13 வயது. முந்தின இரவுவரை கேட் சத்தம் கேட்டாலே குரைத்துக்கொண்டிருந்தவள், காலையில் எழுந்திருக்கப் பார்த்து இடப்பக்கமாகச் சரிந்தாள். திரும்ப எழுந்தாள், திரும்பவும் அதே பக்கம். தலை இடதுபுறமே சாய்ந்து கிடந்தது. முகத்தைப் பிடித்துப் பார்த்தால் கண்மணி இரண்டும் மெதுவாக ஒரு பக்கம் நகர்ந்து, வெடுக்கென்று மறுபக்கம் போயின. ஒரு நொடிகூட நிற்கவில்லை. எச்சில் ஒழுகியது, வாந்தி வந்தது. தண்ணீர்க் கிண்ணத்தை முன்னால் வைத்தால், கிண்ணத்துக்குப் பக்கத்துத் தரையை நக்கினாள். இதைப் பார்த்துவிட்டு எவரும் நிதானமாக இருக்க முடியாது. அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். இன்றோடு சரி என்றுதான் நானும் நினைத்தேன்.

முதலில் கொண்டுபோன இடத்தில் மேசைமேல் படுக்க வைத்ததும், தொட்டுக்கூடப் பார்க்காமல், 'மூளையில் ரத்த ஓட்டம் பாதிச்சிருக்கு, இந்த வயசுல தேறாது, யோசிச்சுச் சொல்லுங்க' என்றார்கள். எதை யோசிக்கச் சொல்கிறார்கள் என்பது எங்களுக்குப் புரிந்தது. யோசிக்கிறோம் என்று சொல்லி வேறொருவரிடம் தூக்கிக்கொண்டு போனோம்.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் அவசரப்படவில்லை. காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். கண் எந்தத் திசையில் ஆடுகிறது என்று கவனித்தார். ஆட்டம் பக்கவாட்டில் இருந்தது. அப்புறம் செம்பியை நிற்க வைத்துத் தாங்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அவளுடைய முன்பாதம் ஒன்றை மடக்கி, மேற்புறம் தரையில் படுகிற மாதிரி வைத்தார். செம்பி உடனே பாதத்தைத் திருப்பி ஒழுங்காக ஊன்றினாள். நான்கு கால்களுக்கும் இதையே செய்தார். நான்கிலும் அப்படியே. 'பாதம் எங்கே இருக்குன்னு மூளைக்குத் தெரியுது, நல்ல அறிகுறி' என்றார். செலவே இல்லாத, சில நொடிச் சோதனை. அதைச் செய்யாமல் ஒரு உயிரை முடிப்பது பற்றிப் பேச எப்படி வாய் வருகிறது என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

செம்பிக்கு வந்தது வெஸ்டிபுலர் கோளாறு. உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்கிற உறுப்பு உள்காதில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு நரம்பு மூளைத்தண்டுக்குப் போகிறது. ஒரு பக்கத்திலிருந்து வருகிற செய்தி திடீரென்று கெட்டுப்போனால், அசையாமல் படுத்திருக்கும்போதே சுழல்கிற மாதிரி மூளைக்குத் தோன்றும். ராட்டினத்திலிருந்து இறங்கிய பிறகும் தலை சுற்றுமே, அது நிற்கவே இல்லை என்றால் எப்படியிருக்கும்? அந்த நிலை. காதுக்குள் ஆழமாகப் போன தொற்று, தைராய்டு குறைவு, சில மருந்துகளின் பக்கவிளைவு என்று காரணங்கள் உண்டு. வயதான நாய்களுக்குப் பெரும்பாலும் எந்தக் காரணமும் அகப்படாமலேயே வருகிறது. அப்படி வருவது பொதுவாக 2 அல்லது 3 நாளில் தணியத் தொடங்கி, 2, 3 வாரங்களில் பெருமளவு சரியாகிவிடும்.

இந்த நோய் பார்க்கப் படுமோசமாக இருப்பது முதல் 48 மணி நேரம். நம்மிடம் முடிவு கேட்கப்படுவதும் சரியாக அந்த நேரத்தில்தான். தானாகத் தேறியிருக்கக்கூடிய எத்தனையோ நாய்கள் அந்த முதல் நாளைத் தாண்டாமல் போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

இதைப் படித்துவிட்டு எல்லாமே தானாகச் சரியாகும் என்று யாரும் வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டாம். தள்ளிப்போடச் சொல்வது கடைசி முடிவை மட்டும்தான். மருத்துவரிடம் அன்றே போயாக வேண்டும். கண் மேலும் கீழுமாக ஆடினால், மடக்கி வைத்த பாதத்தைத் திருப்பத் தெரியவில்லை என்றால், கூப்பிட்டாலும் நினைவே இல்லாமல் கிடந்தால், கோளாறு மூளைக்குள்ளேயே இருக்கலாம். அப்போது எம்ஆர்ஐ வரை போக வேண்டியிருக்கும், நாய்க்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் அதை எடுக்க முடியும். பின்னங்கால்கள் திடீரென்று செயலிழந்தால் அது முதுகெலும்புத் தட்டு நழுவியதாக இருக்கலாம். அங்கே மணிக்கணக்குகூட முக்கியம். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, 24 மணி நேரத்துக்குள் ஒன்றுக்கு மேல் வந்தாலோ அவசரச் சிகிச்சைதான். வலிப்பின்போது தயவுசெய்து வாய்க்குள் கைவிடாதீர்கள். நாய் நாக்கை விழுங்காது. உங்கள் விரல்தான் போகும்.

தடுப்பூசி போடாத நாய், அதுவும் வேறு விலங்கு கடித்திருக்க வாய்ப்புள்ள நாய், திடீரென்று நரம்புக் கோளாறு காட்டினால் கதையே வேறு. வெறிநோய் இல்லை என்று தெரியும்வரை எச்சில் மேலே படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே பாசம் காட்டக் கூடாது.

இன்னொன்று, வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் கைபேசியை நீட்டுவது மனசாட்சி இல்லாத காரியமாகத் தோன்றும். ஆனால் மருத்துவரிடம் போய்ச் சேருவதற்குள் வலிப்பு நின்றிருக்கும், நாம் நடித்துக் காட்டிக்கொண்டிருப்போம். அரை நிமிட வீடியோ அதைவிட நூறு மடங்கு மேல்.

மனிதர்களுக்கான வலி மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்கச் சொல்கிறவர்களையும் பார்த்தேன். ஐபுபுரோஃபென், பாரசிட்டமால் எல்லாம் நாய்க்கு விஷமாகலாம். அதேபோல, என்ன நோய் என்று பார்க்காமலே எடுத்த எடுப்பில் ஸ்டீராய்டு ஊசி போட்டால், பின்னால் செய்கிற பரிசோதனைகளின் முடிவு குழம்பிப்போகக்கூடும். எதற்காகப் போடுகிறீர்கள் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

வீட்டில் பார்த்துக்கொண்டது தனிக் கதை. வாந்திக்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள். மீதியெல்லாம் எங்கள் கையில்தான். வழுக்கும் தரை முழுக்க ரப்பர் விரிப்பு போட்டோம். வெளியே கூட்டிப்போக, ஒரு துண்டை வயிற்றுக்கடியில் கொடுத்து இரண்டு முனையையும் மேலே பிடித்துக்கொண்டு நடத்தினோம். தூக்கிக்கொண்டே திரியக் கூடாது என்றார் மருத்துவர். கால் தரையில் பட்டுக்கொண்டிருந்தால்தான் மூளை சீக்கிரம் பழகுமாம். இரவில் சின்ன விளக்கு ஒன்றை எரியவிட்டோம். காது ஏமாற்றும்போது கண்ணை வைத்துத்தான் நாய் தன்னை நிலைப்படுத்திக்கொள்கிறது, இருட்டில் அதுவும் இல்லை. சாப்பாட்டைக் கையில் வைத்து வாய்க்கு நேராக நீட்ட வேண்டியிருந்தது. படுத்தே கிடக்கிற நாயைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடாவிட்டால் புண் வந்துவிடும், சிறுநீர் போகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அழுக்கு வேலை இதெல்லாம். தூக்கம் போகும். வீட்டுக்குள் சண்டை வரும். 'நேத்து ராத்திரி நான்தானே முழிச்சிருந்தேன்' என்று நானும் தங்கையும் போட்ட சண்டையை எழுதினால் அதுவே ஒரு பதிவாகும். அலுவலகத்தில் விடுப்புக் கேட்டால், 'நாய்க்கா?' என்று ஒரு சிரிப்பு. சிரிக்கிறவர்களிடம் விளக்கம் சொல்லிச் சக்தியை வீணாக்காதீர்கள். சொந்த வேலை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பதிலுக்கு, இரவில் ஒரு மணி நேரம் மாற்றிவிடுகிற ஒரே ஒரு ஆளைத் தேடிப் பிடியுங்கள். ஆறுதல் சொல்ல ஆள் நிறையக் கிடைக்கும், மாற்றிவிடத்தான் ஆள் அரிது.

கண்ணாட்டம் முதலில் நின்றது. அம்மாதான் கவனித்தார்: 'இங்க வாங்களேன், அவ கண்ணு நிக்குது.' அப்புறம் நடை கொஞ்சம் கொஞ்சமாக நேரானது.

கருணைக்கொலையே கூடாது என்று சொல்கிறவன் இல்லை நான். மூளையில் கட்டி, மருந்துக்கு அடங்காத வலிப்பு, தீராத வலி என்று உறுதியாகத் தெரிந்த பிறகும் நமக்காக நாயை இழுத்துப் பிடித்து வைத்திருப்பது கொடுமைதான். அந்த முடிவை எடுத்தவர்களைக் குற்றம் சொல்ல யாருக்கும் தகுதியில்லை. நோய் என்னவென்று தெரிந்து, சிகிச்சைக்கு என்ன பதில் வருகிறது என்று பார்த்துவிட்டு எடுப்பது ஒன்று. பார்க்கச் சகிக்கவில்லை என்பதற்காக முதல் நாளே எடுப்பது முற்றிலும் வேறொன்று. இரண்டாவதில் தீர்வது பெரும்பாலும் நம்முடைய வேதனை.

உங்களிடம் அப்படி ஒருவர் கேட்டால் திருப்பிக் கேளுங்கள்: கோளாறு உள்காதிலா, மூளையிலா? எதை வைத்துச் சொல்கிறீர்கள்? இரண்டு நாள் காத்திருந்தால் வலியோ ஆபத்தோ கூடுமா? நல்ல மருத்துவர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் நாயைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

செம்பிக்குத் தலைச் சாய்வு கொஞ்சம் தங்கிவிட்டது, அது அப்படியே இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். மறுபடியும் வரலாம் என்றும் சொன்னார்கள். வந்தால் யார் வீடியோ எடுப்பது, யார் வண்டியை எடுப்பது என்று இப்போதே பேசி வைத்திருக்கிறோம். துண்டு பிடிப்பது மட்டும் தங்கைதான் என்று நான் சொல்ல, அவள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.